பாஸ்ட்ராப் காட்டைக் காத்த கைகளுக்கு

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள பாஸ்ட்ராப் மாநிலப் பூங்காவைக் கட்டியவர்களுக்கும், தீயிலிருந்து மீட்டவர்களுக்கும், மறுபடி மரம் நட்டவர்களுக்கும் வணக்கம்.

ஆஸ்டினில் குடியிருக்கும் எங்கள் குடும்பத்துக்கு விடுமுறை என்றாலே பாஸ்ட்ராப்தான். அங்குள்ள கல் கேபின்களில் தங்கி, கணப்படுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் பொழுது போவதே தெரியாது. அந்தச் சுவர்களை எழுப்பியவர்களுக்கே முதல் நன்றி.

1933இல், பெருமந்தம் என்ற பெரும் பொருளாதாரச் சரிவின் மிக மோசமான கட்டத்தில், அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய சி.சி.சி. என்ற சிவிலியன் கன்சர்வேஷன் கோர், வேலையில்லாத இளைஞர்களைக் காடுகளுக்கும் பூங்காக்களுக்கும் அனுப்பியது. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். தம்பி தங்கைகள் சாப்பிட வேண்டுமே! 1942 வரை சுமார் 30 லட்சம் பேர் இப்படி உழைத்தார்கள்.

பாஸ்ட்ராப்புக்கு வந்தவை 1805, 1811 என்ற எண்களைக் கொண்ட இரண்டு சி.சி.சி. அணிகள். அக்கம்பக்கத்தில் கிடைத்த மணற்கல்லையும் மரத்தையும் வைத்தே கேபின்களையும் உணவுக்கூடத்தையும் கட்டினார்கள். இங்கிருந்த தச்சுப்பட்டறையில் செய்த மேசை நாற்காலிகள் டெக்சஸின் மற்ற பூங்காக்களுக்கும் போயின. பல இளைஞர்கள் முகாமில்தான் கைத்தொழிலே கற்றார்கள். அவ்வளவு நேர்த்தியாகக் கல்லை இழைத்திருக்கிறார்கள் என்பதை இன்றும் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

கறுப்பின இளைஞர்களைத் தனி முகாம்களில் ஒதுக்கிவைத்தது அந்தத் திட்டத்தின் பெரிய அநீதி. டெக்சஸிலேயே பாலோ டூரோ பள்ளத்தாக்கில் கறுப்பின அணிகள் உழைத்திருக்கின்றன. அவர்கள் பெயரை யாரும் அதிகம் சொல்வதில்லை. எங்கள் நன்றியில் அவர்களுக்கும் சம பங்கு உண்டு.

அப்புறம் 2011 செப்டம்பர். கடும் வறட்சி, பலத்த காற்று. பூங்காவின் 96 சதவீதப் பரப்பில் தீ பரவியது. மாவட்டத்தில் 1,600க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின, இருவர் உயிரிழந்தார்கள். அந்த நெருப்புக்கு நடுவிலும் கேபின்களும் உணவுக்கூடமும் தப்பின என்றால் அதற்குத் தீயணைப்பு வீரர்களே காரணம். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

கருகிய மரங்களை வெட்டி, மண் அரிக்காமல் தடுப்புப் போட்டு, பாதைகளைச் சரிசெய்த பூங்கா ஊழியர்களுக்கும் டெக்சஸ் கன்சர்வேஷன் கோர் என்ற இளைஞர் அமைப்பின் பிள்ளைகளுக்கும் நன்றி. அந்தக் கால அணிகளின் வேலையைத்தான் நீங்களும் செய்தீர்கள், அதே வயதில்.

கிழக்கு டெக்சஸின் பெரிய பைன் காடுகளிலிருந்து வெகுதூரம் பிரிந்து நிற்பதால் இந்தக் காட்டுக்கு 'லாஸ்ட் பைன்ஸ்' (தொலைந்த பைன்கள்) என்று பெயர். இங்குள்ள லாப்லாலி வகைப் பைன்கள் வறட்சி தாங்கிப் பழகியவை. வேறு ஊர்க் கன்று இந்த மண்ணில் அவ்வளவு எளிதாக நிலைக்காது. அவற்றின் விதைகளைத் தீக்கு முன்பே குளிரூட்டிச் சேமித்துவைத்திருந்த டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அமைப்பின் வனத்துறைக்குத் தனி நன்றி. குளிர்காலக் காலைகளில் கம்பியால் குழி போட்டுக் கன்று நட்ட தன்னார்வலர்களே, உங்களில் பலருடைய வீடும் அந்தத் தீயில் போயிருந்தது. அப்படியிருந்தும் காட்டுக்காக வந்தீர்களே!

இந்தக் குளிர்காலத்திலும் கேபினில் தங்க வருகிறோம். பாதை ஓரக் களை எடுக்க ஆள் தேவையென்றால் பூங்கா ஊழியர்கள் தயங்காமல் சொல்லுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
ஆஸ்டினிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம்