தங்கவயல்காரிக்கு அந்த உலகம் புதிதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் எடுத்து ஆடும் கதை விளையாட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. தமிழில் இதற்கெல்லாம் ஒரு பத்திரிகை இடம் கொடுக்கிறதே என்று சந்தோஷமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். அதில் ஒன்றான நியூமெனெரா பற்றிய பகுதிக்கு வந்ததும் மனசு ஆறவில்லை. அரக்கர்களைக் கொன்று புள்ளி சேர்க்கும் இன்னொரு விளையாட்டு, அதன் உலகம் தலையும் வாலும் புரியாத சாமான்களின் குவியல், ரசிகர்களே அலுத்துப்போய்விட்டார்கள் என்று நாலு வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். மூன்று வருடமாக ஞாயிறுதோறும் பெங்களூரு காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு மாடியில் அதை ஆடுகிறோம். நான்தான் கதை நடத்துகிறவள், அதாவது ஜி.எம்.

முதலில் தகவல் பிழை. இந்த விளையாட்டில் கொன்றதற்குப் புள்ளி கிடையாது. ஒரு பழைய எந்திரத்தைக் கண்டுபிடித்தால், அது என்னவென்று விளங்கிக்கொண்டால், முக்கியமாக அதற்குத்தான் அனுபவப் புள்ளி. இதை வடிவமைத்த மாண்டி குக், இந்த வகை விளையாட்டுகளில் மிகப் புகழ்பெற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின், 2000இல் வந்த மூன்றாம் பதிப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். 2012இல், பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் 20,000 டாலர் கேட்டார். ரசிகர்கள் கொடுத்தது 5,17,000 டாலருக்கும் மேல். 2013இல் புத்தகம் வந்தது, 2018இல் திருத்தி விரித்து இரண்டு புத்தகங்களாக மறுபடியும் வந்தது. ரசிகர்களுக்குள் சண்டை உண்டு, நிறைய உண்டு. ஆனால் அலுத்துப்போனவர்கள் சண்டை போட மாட்டார்கள்.

அந்தச் சண்டைகளில் பெரியது உலகத்தைப் பற்றியது. கதை நடப்பது இதே பூமியில், இன்றிலிருந்து நூறு கோடி ஆண்டு கழித்து. அதற்குள் எட்டு மாபெரும் நாகரிகங்கள் வந்து போய்விட்டன. ஒன்பதாவதாக வந்த மனிதர்கள் ஏரும் வாளுமாக வாழ்கிறார்கள், அதனால் அதற்கு ஒன்பதாம் உலகம் என்று பெயர். அவர்கள் நிலத்தில் பழைய எந்திரங்களின் மிச்சம் சிதறிக் கிடக்கிறது. யார் செய்தார்கள், எதற்குச் செய்தார்கள், யாருக்கும் தெரியாது. ‘எதற்கும் காரணம் சொல்லாமல் வெறுமனே விசித்திரமாக இருந்தால் எப்படி ஒட்டும்?’ என்பது பல ரசிகர்களின் குறை. எனக்கு முதல் நாளே ஒட்டிக்கொண்டது.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பாவுக்கு சாம்பியன் ரீஃபில் சுரங்க வேலை. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போகும் சுரங்கம் அது. தங்கவயலில் 1880இல் தொடங்கி ஏறக்குறைய 120 ஆண்டு தோண்டிவிட்டு, 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். தாதுவை அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய சக்கையைக் கொட்டிக் கொட்டி மலையாகவே எழுந்து நிற்கிறது. எங்களுக்கு அது சயனைடு மேடு. காற்றடிக்கிற மாதங்களில் அந்தத் தூசி சோற்றுத் தட்டு வரை வரும். மூடிய பிறகு ஊரில் பாதிப் பேர் விடிவதற்கு முன்னே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து இருட்டிய பிறகு வீடு திரும்பினோம்.

என் மகள் சுரங்கம் மூடிய பிறகு பிறந்தவள். ஏழு வயதில் பாட்டி வீட்டுக்குக் கூட்டிப்போனபோது, துருப்பிடித்து நின்ற ஷாஃப்ட் கோபுரத்தைக் காட்டி, “இது எதுக்கும்மா? யாரு கட்டினா?” என்று கேட்டாள். அதில் மாட்டிய கூண்டில்தான் தாத்தா தினமும் இறங்கினார் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. ஒன்பதாம் உலகத்துக் குழந்தை வேறு எப்படிக் கேட்கும்?

அடுத்த சண்டை, ஜி.எம். கதைக்குள் குறுக்கிடும் விதி. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது நான் ஒரு சங்கடத்தை நுழைக்கலாம். அதற்கு ஆடுகிறவருக்கு இரண்டு புள்ளி நீட்ட வேண்டும். அவர் ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றொன்றை இன்னொருவருக்குக் கொடுப்பார். வேண்டாம் என்றால் தன் கையிலிருந்து ஒரு புள்ளி செலவழித்து மறுத்துவிடலாம். இதை லஞ்சம் என்கிறார்கள் சில ரசிகர்கள். ஒரு நாள் எங்கள் கதையில் நாலு பேரும் பூமிக்கடியில் ஒரு குகைவழியில் போனார்கள். பாறை வெடிக்கிறது என்று சொல்லி இரண்டு புள்ளியை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் நான் எதைச் சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஊரில் சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால், ராக் பர்ஸ்ட் என்போம், வீடு குலுங்கும், அலமாரியில் இருக்கும் பாத்திரம் உருளும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் நிற்பாள், அப்பா எந்த ஷிப்டு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு. அங்கே பாறை யாரிடமும் கேட்டுவிட்டு வெடிப்பதில்லை. இந்த விளையாட்டில் கேட்கிறார்கள். கீழ் வீட்டு அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் ஒரே புள்ளியைத் திருப்பிக் கொடுத்து, “வேணாம்மா, பாறை அப்படியே இருக்கட்டும்” என்றார். அந்த விதியை லஞ்சம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒவ்வொரு வேடத்துக்கும் உள்ள வலு, வேகம், அறிவு என்ற மூன்று இருப்பிலிருந்து எடுத்துத்தான் கூடுதல் முயற்சி செய்ய வேண்டும், அடிபட்டாலும் குறைவது அதே இருப்புதான் என்பதிலும் பலருக்குக் கோபம். உடம்பால் உழைத்தவர்கள் வீட்டில் வளர்ந்ததாலோ என்னவோ, எனக்கு அது சரியாகவே படுகிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் குறை சொல்கிறவர்கள் பக்கம்தான் நான். அதே அனுபவப் புள்ளியை அடுத்த நிலைக்கு உயரவும் சேர்க்க வேண்டும், பகடை கைவிட்டால் மறுபடி உருட்டவும் செலவழிக்க வேண்டும். எங்கள் மேசையில் மகளின் தோழி ஒருத்தி, மற்றவர்களைக் காப்பாற்றவே புள்ளியைச் செலவழித்துச் செலவழித்துப் பின்தங்கிப் போனாள். செலவழிக்காமல் முடிச்சு போட்டு வைத்திருந்தவன் முந்திவிட்டான். அது நியாயமில்லை. இப்போது உயர்வதற்கு ஒரு கணக்கு, செலவுக்கு ஒரு கணக்கு என்று நாங்களே பிரித்துக்கொண்டோம்.

ஆசிரியர் அவர்களே, புள்ளி கிடைக்கும் விதத்தைப் பற்றிய பிழைக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போடுங்கள். அடுத்த முறை எழுதுமுன் கட்டுரையாளர் ஒரு ஞாயிறு மாலை நாலு மணிக்கு வந்து எங்களோடு உட்காரட்டும். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் நாங்கள் ஆடுவது தமிழில்தான். அவருக்கும் ஒரு வேடம் எழுதி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காக்ஸ் டவுன், பெங்களூரு.