கஞ்சி கெட்டியாக இருக்கட்டும்

ஆசிரியருக்கு,

நகர்ப்புறக் குழந்தைகளின் எடைக்குறைவு பற்றிய தங்கள் செய்தி கண்டேன். தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 22 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள் என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. சத்துமாவுப் பொட்டலம் கொடுப்பதோடு கடமை முடிவதில்லை. சென்னையின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் தாய்மார் பலர் காலையிலேயே வீட்டுவேலைக்குக் கிளம்பிவிடுகின்றனர். மாவோ, பால்புட்டியின் ரப்பரில் இறங்கும்படி நீர்க்கக் கரைக்கப்படுகிறது. வயிறு நிரம்புகிறது, சத்து சேர்வதில்லை. கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி சட்டென வழியாத பதமே சரி. ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் சுமார் 40 கலோரி கூடும்.

வாரம் ஒருநாளாவது மாலையில் அங்கன்வாடியைத் திறந்து, இதைத் தாய்மாருக்குச் செய்து காட்டலாம். அப்போதே குழந்தையின் மேற்கைச் சுற்றளவையும் அளந்து, 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.