நடைப்பயிற்சியும் கணுக்காலின் இறுக்கமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதைகள் அமைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் நடப்பவரின் கணுக்கால் போதிய அளவு மடங்குகிறதா என்பதை எவரும் பார்ப்பதில்லை என்பது, இயன்முறை மருத்துவரான எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது.

பாதம் தரையில் பதிந்திருக்கும்போது முழங்காலுக்குக் கீழுள்ள கால் பகுதி அதன்மேல் ஏறத்தாழ 10 பாகையாவது (டிகிரி) முன்னோக்கிச் சாய்ந்தால்தான் நடை இயல்பாக அமையும். மெதுவோட்டத்துக்கு இதைவிடக் கூடுதலான மடக்கம் வேண்டும். கெண்டைக்கால் தசை இறுகியோ, பழைய சுளுக்கு, மாவுக்கட்டு ஆகியவற்றால் மூட்டு விறைத்தோ அது கிடைக்காதபோது, குதிகால் உரிய நேரத்துக்கு முன்பே எழும்பிவிடுகிறது. அல்லது பாதம் வெளிப்புறம் திரும்பி, அதன் உள்வளைவு அமுங்கிவிடுகிறது. ஓடும்போதோ, கணுக்கால் தாங்க வேண்டிய அதிர்ச்சியின் ஒரு பங்கு முழங்காலுக்கும் முன்பாதத்துக்கும் போய்ச் சேருகிறது. ஆனால் குதிகால், முழங்கால் வலிகளுக்கு வயதையும் காலணியையுமே காரணம் சொல்லிப் பழகிவிட்டோம்.

நீரிழிவாளர்களின் நிலைதான் என்னை இக்கடிதம் எழுதத் தூண்டியது. நெடுநாள் சர்க்கரை மிகுதியால் தசைநாண்களிலும் மூட்டுறைகளிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் இறுகிப்போவதால் அவர்களுக்குக் கணுக்கால் அசைவு குறைகிறது; குதிகால் சீக்கிரமே எழுவதால் பாரம் முன்பாதத்தில் குவிகிறது; நீரிழிவால் உணர்விழந்த பாதத்தில் அந்த அழுத்தமே புண்ணாக மாறக்கூடும். நடக்கச் சொல்லி நாம் முதலில் அறிவுறுத்துவதும் இவர்களைத்தான்.

சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. பெருவிரல் சுவரிலிருந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும்படி நின்று, குதிகாலை எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொட முயல வேண்டும். தொட இயலாவிட்டாலோ, இரு கால்களுக்கும் இடையே வேறுபாடு தெரிந்தாலோ கவனிப்பது நல்லது. கெண்டைக்கால் இறுக்கம் நாள்தோறும் செய்யும் நீட்சிப் பயிற்சியால் சில வாரங்களில் தளரத் தொடங்கும். ஆனால் மூட்டின் முன்புறம் எலும்போடு எலும்பு இடிப்பதுபோல் வலித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை ஏற்கெனவே இடம்பெற்றுள்ளது. வீடு தேடிச் செல்லும் பணியாளர்கள் நீரிழிவாளர்களின் கணுக்கால் அசைவையும் பார்த்துக் குறித்துக்கொள்ளவும், நடைப்பாதைகளின் தொடக்கத்தில் இந்தச் சுவர்ச் சோதனையைப் படத்துடன் விளக்கும் பலகைகளை வைக்கவும் சுகாதாரத் துறை ஆவன செய்ய வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்,
சேலம்.