ஞாயிற்றுக்கிழமையே மாட்டிவிடாதே

அன்புள்ள முரளி,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. உன் காருக்கு வாங்கிய ஹெடர், அதாவது எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் அந்த நாலு குழாய்க் கொத்து, வந்து சேர்ந்ததையும், பெட்டியைப் பிரித்ததும் உன் மகள் எட்டிப் பார்த்து, "இது என்னப்பா எட்டுக்கால் பூச்சி, நாலு காலைக் காணோம்?" என்று கேட்டதையும் படித்துவிட்டு நெடுநேரம் சிரித்தேன். ஆனால் கடைசியில் "ஞாயிறு காலை ஆரம்பித்து மாலைக்குள் ஓட்டிப் பார்த்துவிடுவேன்" என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த வரிக்காகத்தான் உடனே பேனாவை எடுத்தேன்.

போன வருடம் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கு இரண்டரை நாள் பிடித்தது. அதில் ஹெடரை மாட்டிய நேரம் ஒன்றரை மணி. மீதி அத்தனையும் பழைய மேனிஃபோல்டை (எஞ்சினோடு வந்த புகைக்குழாயை) கழற்றவும் புதியதை மாட்டும் நிலைக்குக் கொண்டுவரவும் போனது.

முதலில் ஸ்டட்டுகள், எஞ்சினில் திருகி நிற்கும், நட்டு ஏறும் மரை ஆணிகள். வருடக்கணக்கில் காய்ந்து காய்ந்து ஆறியதில் நட்டும் ஸ்டட்டும் ஒரே உடம்பாகிக் கிடக்கும். துருவை இளக்கும் எண்ணெயை இன்று இரவே விடு, நாளை காலை ஒருமுறை, இரவு ஒருமுறை. கழற்றும்போது ஒரே மூச்சில் திருகாதே. கால் சுற்று அவிழ்த்தால் கொஞ்சம் திருப்பி இறுக்கு, மறுபடி அவிழ். கல்லூரியில் உன் அண்ணனுடைய மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றப் போய் மரையைத் தின்று வைத்தோமே, அந்தப் பாடம் எனக்கு இருபத்தைந்து வருடம்கூடத் தங்கவில்லை. ஏழு நட்டு ஒழுங்காக வந்தது. எட்டாவதில் அவசரப்பட்டேன். 'டக்' என்று ஒரு சத்தம், கை திடீரென்று லேசாகிவிட்டது. உனக்கும் தெரியுமே அந்த உணர்வு, வயிற்றைப் பிசையும்.

நல்ல வேளையாக ஸ்டட் அரை விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெல்டிங் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து, அதன் தலையில் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்தோம். அந்தச் சூட்டிலேயே துருவின் பிடி விட்டு, ஸ்டட் சாதுவாகச் சுழன்று வந்தது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டோடு மட்டமாக முறிந்திருந்தால் நடுவில் துளை போட்டுத்தான் எடுத்திருக்க வேண்டும். துளை கொஞ்சம் சாய்ந்தாலும் அலுமினிய ஹெட்டின் மரை போச்சு. முறியாத ஸ்டட்டையும் மாற்றிவிடு. இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, உள்பக்கத்து நட்டைத் திருப்பினால் ஸ்டட் வந்துவிடும்.

புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கென்று வயர் போக வாய் பிளந்த சாக்கெட் ஒன்று இருக்கிறது, பெரும்பாலான வண்டிகளுக்கு 22 மி.மீ. இரவல் வாங்கியாவது வை. திரும்ப மாட்டும்போது மரைக்கு மட்டும் சூடு தாங்கும் பசை தடவு, முனையில் படக்கூடாது.

அப்புறம், இந்தக் கடிதத்தை எழுத உண்மையான காரணம்: ஃபிளாஞ்ச், ஹெட்டில் போய் உட்காரும் ஹெடரின் தட்டையான தகடு. புதுசு, பளபளவென்று இருக்கிறது, அதில் என்ன கோளாறு இருக்கப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். நாலு பைப்பையும் அந்தத் தகட்டில் பற்றவைக்கிறார்கள் அல்லவா? பற்றவைத்த பக்கம் ஆறும்போது சுருங்கி இழுக்கும். நடுப்பகுதி ஹெட்டோடு ஒட்டி, இரு ஓரமும் லேசாகத் தூக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. நேரான இரும்புக் கோலை மேலே வைத்து ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பார்த்தேன். நாலாவது சிலிண்டர் ஓரத்தில் 0.30 மி.மீ. தகடு தாராளமாகப் போனது. அதற்கு, நடுவில் கசிவை அடைக்க வைக்கும் கேஸ்கெட் ஈடுகொடுக்காது.

தடித்த கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, ஃபிளாஞ்ச் முகம் முழுக்க மார்க்கர் மை பூசி, தேய்க்க ஆரம்பித்தேன். மை எங்கே முதலில் அழிகிறதோ அங்கேதான் மேடு. மேட்டை அரத்தால் ராவி, மறுபடி மை பூசி, மறுபடி தேய்த்து... ஒரு முழு மதியம். இவள் வந்து இரண்டு முறை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். 0.10 தகடு நுழையாத அளவுக்கு வந்ததும்தான் எழுந்தேன். முட்டி நிமிர மறுத்துவிட்டது, வயசாகுதுடா.

அதே கையோடு கேஸ்கெட்டை ஃபிளாஞ்சிலும் ஹெட்டிலும் வைத்துப் பார். ஹெடரின் வாய் ஹெட்டின் வாயைவிடச் சிறிதாக இருந்தால் வாயு வந்து முட்டும். கொஞ்சம் பெரிதாக இருந்தால் பரவாயில்லை. ஹெட்டின் முகத்தைச் சுரண்டும்போது துளைகளில் துணியை அடைத்துக்கொள். மாட்டி முடிப்பதற்குள் அந்தத் துணியை எடுக்கவும் மறக்காதே (ஏன் சொல்கிறேன் என்று கேட்காதே).

மாட்டும் வேலை சுருக்கம்தான். பேட்டரி இணைப்பைக் கழற்று, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்து, ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதே. எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்று, பிறகு நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி மூன்று தவணையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. என் வண்டிக்கு 22 நியூட்டன் மீட்டர். உன்னுடையதற்கு சர்வீஸ் புத்தகத்தைப் பார். கீழ்ப்பக்க பிராக்கெட்டைக் கடைசியில் இறுக்கு, இழுத்துப் பிடித்து அல்ல, தானாகப் பொருந்தும் இடத்தில். அரை மீட்டர் ஸ்டெயின்லெஸ் பைப் 500 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 4 மி.மீ. அளவுக்கு நீளும். அது நீள இடம் வேண்டும், இல்லையென்றால் எங்காவது வெடிக்கும். பிரேக் பைப், வயர், ஸ்டியரிங் தண்டு எல்லாவற்றுக்கும் விரல் நுழையும் இடைவெளியாவது இருக்கட்டும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் பைப்பை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடு. துடைக்காவிட்டால் உன் கைரேகை அப்படியே வெந்து பதிந்துவிடும். என் ஹெடரில் என் கட்டைவிரல் இன்னும் இருக்கிறது. முதலில் கொஞ்சம் புகை வரும், ஒட்டியிருந்த எண்ணெய்தான், பயப்படாதே. குளிர்ந்த எஞ்சினில் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் கசிவு. அதை விட்டுவைக்காதே. சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய், பெட்ரோல் குறைவாக எரிகிறது என்று சென்சார் ஏமாந்து, கணினி பெட்ரோலை அள்ளிக் கொட்டும். ஓடி, நன்றாக ஆறிய பிறகு ஒருமுறை எல்லா நட்டையும் சரிபார்.

என்ன லாபம் என்று கேட்டிருந்தாய். பெரிய பாய்ச்சல் ஒன்றும் இல்லை. உன்னுடையதும் 4-2-1 வகைதானே, நாலு பைப் இரண்டாகி, இரண்டும் ஒன்றாகும். சிலிண்டர்கள் 1-4, 2-3 என்று ஜோடி சேர்ந்து போகும். ஒரு சிலிண்டரின் வாயு வெளியேறும்போது பின்னால் விட்டுப்போகும் தாழ்ந்த அழுத்தம் அடுத்ததை இழுக்கிறது. நடு வேகத்தில் வண்டி கொஞ்சம் மனசோடு ஓடுகிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. இரண்டரை நாள் பாடுபட்டவன் சொல்வதைப் பாதியாக எடுத்துக்கொள்.

ஒன்று மட்டும் உடனே எழுது: உன் பழைய மேனிஃபோல்டோடு, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சேர்ந்து இருக்கிறதா? இருந்தால் ஹெடரை மாட்டுவது கன்வெர்ட்டரையே கழற்றுவதாகிவிடும். புகைச் சோதனையில் நிற்காது, பல நாடுகளில் சட்டமும் விடாது, பின்னால் வருகிறவன் மூச்சையும் நினைத்துப் பார். அப்படியானால் கன்வெர்ட்டரை வைக்க வழி செய்யாமல் கைவைக்காதே.

சின்னவன் பரீட்சை முடித்துவிட்டான். டார்ச் பிடிக்க அவனைத்தான் உட்கார வைத்தேன். எனக்கு வேண்டிய இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் வெளிச்சம் அடித்தான். அம்மா உன்னை விசாரித்தார்கள்.

அன்புடன்,
ராஜு

பி.கு.: பழைய மேனிஃபோல்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. எண்ணெய் தடவி, பழைய நட்டுகளோடு சாக்கில் கட்டி வை. என்னுடையது கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது, இவளுக்கு இன்னும் தெரியாது.