தூசிக்குப் பின்னாடி ஒரு வெளிச்சம்

டேய் செல்வம்,

அப்பா கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப சந்தோஷம்டா, சொட்டு மருந்த மட்டும் நேரம் தப்பாம விடச் சொல்லு. இங்க பெரியவ பிளஸ் டூ முடிச்சுட்டு பிஸிக்ஸ்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா, எனக்கு உள்ளுக்குள்ள பெருமைதான்.

கேலக்ஸி நடுவுல தூசி இருந்தா வெளிச்சம் என்ன ஆகும்னு கேட்டிருந்தல்ல, எம் 77ங்கிற கேலக்ஸியோட கதையே போதும். சுமார் 4.7 கோடி ஒளியாண்டு தூரம், நடுவுல பெரிய கருந்துளை. இந்த மாதிரி நடுப்பகுதி ரொம்பப் பிரகாசமா இருக்கிற கேலக்ஸிகள 1943ல கார்ல் செய்ஃபர்ட்ங்கிற வானியலாளர் எடுத்துக் காட்டினார், பின்னாடி வந்தவங்க ரெண்டு வகையா பிரிச்சாங்க. முதல் வகையில ஸ்பெக்ட்ரம் கோடுகள் (வெளிச்சத்த நிறம் நிறமா பிரிச்சா தெரியுற கோடுகள்) நல்லா அகலமா இருக்கும், ஏன்னா கருந்துளை பக்கத்துல கேஸ் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்துல சுத்துது. ரெண்டாவதுல ஒல்லிக் கோடு மட்டும்தான், எம் 77 அந்த வகை.

1985ல ஆன்டனூச்சி, மில்லர்னு ரெண்டு வானியலாளர்கள் அதோட வெளிச்சத்துல போலரைஸ் ஆன, அதாவது ஒரே திசையில அதிர்ற பகுதிய மட்டும் தனியா பிரிச்சுப் பாத்தா, அகலக் கோடு அங்க இருக்கு! கருந்துளைய சுத்தி தடிமனா தூசி வளையம், அதான் நம்ம பார்வைய மறைக்குது, ஆனா வளையத்துக்கு மேல இருக்கிற எலக்ட்ரான்கள்ல பட்டு கொஞ்சம் வெளிச்சம் நம்ம பக்கம் திரும்புது, அப்படித் திரும்பும்போதுதான் அது போலரைஸ் ஆகுது, சுவருக்குப் பின்னாடி நிக்கிறவன எதிர்க்கடை கண்ணாடில பாக்கிற மாதிரி. அப்போ பல கேலக்ஸிகள்ல ரெண்டு வகையும் ஒண்ணுதான், நாம பாக்கிற கோணம்தான் வேற. வானியல்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச கண்டுபிடிப்பு இதுதான்டா.

தூசி வெளிச்சத்த முழுங்கிட்டு சும்மா இருக்கிறதும் இல்ல. நீலத்தையும் அல்ட்ராவயலெட்டையும் அதிகமா உறிஞ்சும், சிவப்பு ஓரளவு தப்பிச்சு வரும், அதான் மெல்லிசா தூசி மறைச்ச கேலக்ஸி சிவந்து தெரியுது. உறிஞ்சின சக்தில சூடாகி இன்ஃப்ராரெட்டா திருப்பி விடும். ஏறக்குறைய 1500 கெல்வின தாண்டினா துகளே ஆவியாயிடும், அதனால வளையத்தோட உள் விளிம்பு எங்க நிக்கணும்னு அந்த வெப்பமே முடிவு பண்ணுது. சிலில நாலு டெலஸ்கோப்ப சேர்த்து இன்ஃப்ராரெட்ல எடுத்த எம் 77 படம் 2022ல வந்துச்சு, கருந்துளைய மறைக்கிற தூசி எங்க இருக்குன்னு அதுல காட்டியிருக்காங்க, நெட்ல தேடிப் பாரு.

பொங்கலுக்கு வரும்போது உன் டெலஸ்கோப்ப எடுத்துட்டு வாடா. சாயங்காலம் இருட்டினதும் எம் 77 மேலதான் இருக்கும், மங்கலான ஒரு புள்ளியாத்தான் தெரியும், ஆனா பெரியவளுக்கு அத காட்டியே ஆகணும்.

அன்புடன்,
ரவி