அக்காவுக்கு, அப்பாவின் பெட்டியைப் பற்றி

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் ஆண்டுத் திதி முடிந்த கையோடு முடிவெடுத்துவிட்டேன்: அவர் கையால் செய்த மரப்பெட்டி பெர்த்துக்கு, உன்னிடமே வருகிறது. அது யாருக்குச் சேர வேண்டும் என்ற பேச்சு இனி வேண்டாம். ஆனால் அது என்ன மரம் என்ற பேச்சை நான் விடுவதாக இல்லை. குடும்பக் குழுவில் எல்லாரும் பார்க்க "ஊரிலிருந்து வந்த ஈட்டி" என்று நீ எழுதினாய். பதிலும் எல்லாரும் பார்க்கும் இடத்திலேயே இருக்கட்டும். சித்தப்பா வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்பதால் வீடு விற்றதைப் பற்றி இங்கே ஒரு சொல்லும் வராது.

ஆஸ்திரேலியாவுக்குள் வரும் மரப்பொருளை இன்னதென்று அறிவித்தாக வேண்டும். ஈட்டி மரத்தின் இனம் முழுவதும் 2017 ஜனவரியிலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பத்துக் கிலோ வரையிலான செய்பொருள்களுக்கு 2019இல் விலக்கு அளித்துவிட்டார்கள். ஆகையால் இந்தக் கையகலப் பெட்டியை யாரும் மறிக்கப் போவதில்லை. இருந்தாலும், பொய்யென்று தெரிந்த ஒரு பெயருக்குக் கீழே நான் கையெழுத்திட மாட்டேன்.

பொய்யென்று எப்படித் தெரியும் என்பாய். அடிப்பலகையின் உள்விளிம்பில், வெளியே தெரியாத இடத்தில், சவர அலகால் சில சீவல்களை எடுத்தேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், நான் மீறியிருப்பேன். அந்த மனத்தாங்கல் நமக்கு மிச்சம் என்று வைத்துக்கொள். தவிர, அப்பாவை நான் பார்த்துக்கொண்ட காலத்தில் எதையும் உன்னைக் கேட்டுச் செய்யும் வசதி எனக்கு இருந்ததில்லை.

பல ஆண்டு மெருகெண்ணெயும் கைப்பிசுக்கும் ஏறிய பலகையின் நிறத்தை நம்ப முடியாது. கட்டையைக் குறுக்காக அறுத்தால் தெரியும் முகத்தைப் புதிதாகச் சீவி, நனைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தால்தான் மரம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பெரிய துளைகள் ஒரு பக்கமாகக் கூடி நின்றதால் முதலில் தேக்கு என்றே எண்ணினேன். ஆனால் தேக்கின் எண்ணெய் வாடை இல்லை. அதோடு பலகையின் அகன்ற முகத்தில், கடல் வற்றிய மணலில் அலை விட்டுப்போன வரிகளைப் போல, மிக நுண்ணிய குறுக்குக் கோடுகள் அடுக்கடுக்காக ஓடின. தேக்கில் அவை இருப்பதில்லை. தரைப்பலகைக்குப் போடும் மெர்பா மரமாக இருந்தால் துளைகளுக்குள் கந்தகம் போன்ற மஞ்சள் துகள் தெரிந்திருக்கும். பலாவாக இருந்தால் புதிதாகச் சீவிய முகம் மஞ்சளாக இருந்திருக்கும். உன் ஈட்டியில் அந்த அலைவரிகள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈட்டியின் வைரம், அதாவது முற்றிய நடுக்கட்டை, ஊதா கலந்த கரும்பழுப்பு, கருங்கோடுகள் ஓடும், கையில் கனக்கும். நம் பெட்டியோ செம்பொன் நிறம்.

சீவல்களைத் தட்டில் ஒதுக்கி வைத்தபோதுதான் அந்தக் கண்ணாடி டம்ளர் நினைவுக்கு வந்தது. இங்கே சிங்கப்பூரில், நம் தோ பாயோ வீட்டுத் தாழ்வாரத்தில் அப்பா மூடியை இழைத்துக்கொண்டிருந்தார். நீ டீக்கடை விளையாட்டுக்காக இழைப்புச் சுருள்களை அள்ளி டம்ளர் நீரில் போட்டு வைத்திருந்தாய். நீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. குடிக்கும் பாவனையில் நீ அதை உயர்த்தினாய். பக்கத்தில் தாழ்வார விளக்கு, பின்னால் இருட்டு. டம்ளரின் விளிம்பு முழுவதும் நீலமாக ஒளிர்ந்தது. நீ கத்திய கத்தலில் அம்மா வெளியே ஓடிவந்து, நல்ல டம்ளரை எடுத்ததற்குத்தான் திட்டினார். அப்பா இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, டம்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். என்ன மரம் என்று சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. எனக்கு எட்டவில்லை என்று நீ மண்டியிட்டு, அந்த நீலம் என் கண்ணுக்குத் தெரியும் கோணம் வரும்வரை டம்ளரைச் சாய்த்துப் பிடித்திருந்தாய். அவ்வளவு பொறுமையாக எனக்காக எதையாவது பிடித்திருந்த ஒருத்தி, மருத்துவமனையிலிருந்து நான் அழைத்த இரவில்... வேண்டாம், அதுவும் இங்கே வேண்டாம்.

அந்த நீலம்தான் சான்று. சில மரங்களின் வைரத்தை நீரில் ஊறவைத்தால் நீர் இப்படி ஒளிரும். ஸ்பானிய மருத்துவர் மொனார்டெஸ் 1565இலேயே ஒரு மெக்சிகோ மரத்தின் நீரில் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். நம் பக்கத்தில் இதற்குப் பேர்போனது வேங்கை இனம். என் சீவல்களையும் ஊறவைத்தேன். அதே நீலம். அலைவரி, துளையமைப்பு, நிறம், நீலம் நான்கையும் சேர்த்துப் பார்த்தால் பெட்டி வேங்கை இனத்து மரம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதற்குமேல் கண்ணாடியால் போக முடியவில்லை. ஊர்க்காட்டு வேங்கையும் இங்கே சாலையோரம் நிற்கும் அங்சானாவும் ஒரே இனத்தின் இரு வகைகள். உள்ளமைப்பு அவ்வளவு நெருக்கம். ஊர் வேங்கை பொதுவாகக் கூடுதல் கனம், ஆனால் பித்தளைக் கீலும் பூட்டும் உள்ள பெட்டியை நிறுத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வேதிச் சோதனைக்கு இன்னும் மரம் கேட்பார்கள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன், உன்னையும் சம்மதிக்க விடமாட்டேன்.

என் கணிப்பு அங்சானா. பெரிய கிளையை வெட்டி நட்டாலே வேர்விடும் என்பதால் 1960களின் பிற்பகுதியிலிருந்து இந்தத் தீவின் சாலைகளில் அதை ஏராளமாக நட்டார்கள். பின்னர் வாடல் நோய் கண்ட மரங்களை வெட்டினார்கள். சுங்கை காடுட் மர ஆலையில் வேலை பார்த்தவருக்கு ஒரு துண்டுக் கட்டை கிடைப்பது பெரிய காரியமா? ஆனால் அப்பத்தா சர்க்கரை நோய்க்காக இரவெல்லாம் நீர் ஊற்றிவைத்துக் குடித்த வேங்கைக் குவளை ஊர்வீட்டில் இருந்ததை நீதான் நேரில் பார்த்தவள். அந்த வழியில் ஒரு கட்டை கப்பலேறியது என்று நீ சொன்னால் என்னிடம் மறுப்பில்லை. ஈட்டி என்று மட்டும் சொல்லாதே. விலை கூடிய பெயர் என்பதற்காக அவர் அதைச் செய்யவில்லை.

படிவத்தில் "வேங்கை இனம்" என்று எழுதிவிட்டேன். சீவிய இடத்தில் மெழுகு தடவியிருக்கிறேன். அங்கே காற்று வறண்டிருக்கும், மூடி சற்றுச் சுருங்கலாம். இழைத்துச் சரிசெய்யக் கடையில் கொடுத்துவிடாதே. கிடைத்ததும் தொலைபேசியில் அழை. குழுவில் எழுதாதே, என்னை அழை. போன முறை அழைத்தவன் நான்.

உன் தம்பி