ஆற்றல் சுழலாது, ஐயா!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் இந்த வாரம் ஒரு வரி: "சூரிய ஆற்றல் செடி, விலங்கு, நுண்ணுயிர் வழியாகச் சுழன்று மீண்டும் செடிக்கே வந்து சேர்கிறது." அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். படித்ததும் காபி இறங்கவில்லை.

சுழல்வது தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்) போன்ற சத்துகள். தாங்கள் அறியாததா? ஆற்றல் ஒரே திசையில்தான் போகும். பயிரில் 10,000 கலோரி இருந்தால், அதைத் தின்னும் வெட்டுக்கிளியின் உடம்பில் சேருவது சுமார் 1,000. அதைப் பிடிக்கும் தவளையிடம் 100, தவளையை விழுங்கும் சாரைப்பாம்பிடம் 10. மீதியில் பெரும்பகுதி அதது மூச்சுவிட்டு ஓடியாடியதில் வெப்பமாகிப் போய்விடும். மட்கவைக்கும் பாக்டீரியாவாலும் அதைச் செடிக்குத் திருப்பித் தர முடியாது. செடிக்குத் தினமும் புது வெயில்தான் வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு சிறு ஏரியை ஆராய்ந்து இந்த ஆற்றல் கணக்கை 1942-ல் எழுதியவர் சூழலியலாளர் லிண்ட்மன். அவருடைய கட்டுரையையே முதலில் போடவேண்டாம் என்றார்களாம். எங்கள் ஏரியில் குப்பை கொட்டுவது பற்றி நான் அனுப்பிய கடிதங்கள் எம்மாத்திரம்!

சென்ற மாதம் "கொடிய பாம்பு அடித்துக் கொலை, மக்கள் நிம்மதி" என்று படத்தோடு செய்தி போட்டீர்கள். படத்தில் கிடந்தது விஷமில்லாத சாரை. மல்லாட்டை (நிலக்கடலை) போட்டவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கம் கிணற்று மேட்டுச் சாரைகளை ஒழித்துக் கட்டிய பிறகு, காய் முற்றும் நேரத்தில் எலி கொல்லையைத் தோண்டி வளைக்குள் வாரிக்கொண்டு போனது. சரி என்று எலி மருந்து வைத்தார்கள். மருந்து தின்ற எலியைப் பிடித்த கூகை ஆந்தைகள் புளியமரத்தடியில் செத்துக் கிடந்தன. எலி மட்டும் குறையவில்லை, அது குட்டி போடுகிற வேகம் அப்படி. உணவுச் சங்கிலியின் மேல்படிக்குப் போய்ச் சேரும் ஆற்றல் அவ்வளவு சொற்பம் என்பதால்தான் ஓர் ஊருக்குச் சாரையும் கூகையும் சிலதுதான் தேறும். நாலை அடித்தாலே பெரிய இழப்பு. ஆற்றல் தானே திரும்பி வரும் என்று படிக்கிற பிள்ளைக்கு இது எப்படி விளங்கும்?

அப்புறம், ராணிப்பேட்டை 2019-லேயே தனி மாவட்டமாகிவிட்டது. தங்கள் நிருபருக்கு மட்டும் காவேரிப்பாக்கம் இன்னும் வேலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

அடுத்த வார மாணவர் பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். அந்தப் பக்கத்து உணவுச் சங்கிலிப் படத்தில் அம்புக்குறிகளும் தலைகீழ். தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கிப் போகவேண்டும். இடமில்லை என்றால் ராசிபலன் பக்கத்தில் போடுங்கள், இன்னும் நாலு பேர் படிப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகாலச் சந்தாதாரர்,
காவேரிப்பாக்கம், ராணிப்பேட்டை மாவட்டம்.